மீட்டர் லைட் எரியவில்லையா? பழைய காரில் கோளாறைத் தேடும் முறை

இரவில் காரை எடுத்ததும் மீட்டர் இருட்டாக இருந்தால், பலரும் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் நான்கு பல்பு வாங்கி வந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் அன்றைக்கே டேஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டுமே முதல் வேலை இல்லை. லைட்டைப் போட்டபடியே விட்டுவிட்டு, காரிலிருந்து இறங்கிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். டெயில் லைட் எரிகிறதா?

பழைய கார்களில் பெரும்பாலும் மீட்டர் லைட், முன்பக்கப் பார்க்கிங் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாமே ஒரே ஸ்விட்சிலிருந்து மின்சாரம் வாங்குகின்றன. பல கார்களில் ஃப்யூஸும் ஒன்றுதான். அந்த ஒரு ஃப்யூஸ் போனால் எல்லாம் சேர்ந்து அணையும். ஆனால் ஹெட்லைட்டுக்குத் தனி ஃப்யூஸ் இருப்பதால் முன்னால் சாலை பளிச்சென்று தெரியும். ஓட்டுபவருக்கு மீட்டர் மட்டும்தான் போயிருக்கிறது என்று தோன்றும். பின்னால் வரும் லாரிக்காரருக்கோ முன்னால் ஒரு கார் போவதே தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 பின்பக்கச் சிவப்பு விளக்கு இருட்டில் 155 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும், நம்பர் பிளேட்டை 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும் என்கின்றன. விதியை விடுங்கள், மீட்டர் இருட்டாவதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உயிர்ப் பயம்தான். டெயில் லைட்டும் எரியவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் அன்று இரவு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

இங்கே சொல்லப்போவது மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களுக்குப் பொருந்தும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில்தான் நின்றது. அம்பாசடரும் அதே 2014-இல் நின்றது. அதனால் இந்த வகைக் கார்கள் இன்னும் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் மீட்டரில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பல்பு, வயர், ஸ்விட்ச், எர்த் அவ்வளவுதான். பொறுமை இருந்தால் புதியவர் ஒருவரே வீட்டு வாசலில் வைத்துக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

மின்சாரம் போகும் வழி

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் மெயின் ஃப்யூஸ், லைட் ஸ்விட்ச், டெயில் ஃப்யூஸ் வழியாக வரும். ஃப்யூஸ் ஸ்விட்சுக்கு முன்னால் இருக்கும் கார்களும் உண்டு, பின்னால் இருக்கும் கார்களும் உண்டு. அங்கிருந்து ஒரு கிளை பின்பக்க விளக்குகளுக்குப் போகும், இன்னொரு கிளை டேஷ்போர்டுக்கு வரும். டேஷ்போர்டுக் கிளையில் சில கார்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்கும். பிறகு மீட்டரின் பின்னால் செருகியிருக்கும் கனெக்டர், பல்பு ஹோல்டர், பல்பு. பல்பிலிருந்து வெளியே வரும் மின்சாரம் எர்த் வயர் மூலம் காரின் பாடிக்குப் போய், பாடி வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும்.

இந்த வழியில் எங்கே அறுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. எரியாத விளக்குகளைப் பார்த்தே பாதிப் பதில் கிடைத்துவிடும். மீட்டர், டெயில், பார்க்கிங் எல்லாம் சேர்ந்து அணைந்திருந்தால் ஃப்யூஸ் அல்லது ஸ்விட்ச். டெயில் லைட் நன்றாக எரிந்து மீட்டர் மட்டும் முழுக்க இருட்டு என்றால் டிம்மர், கனெக்டர், அல்லது மீட்டரின் எர்த். மீட்டரில் ஒரு பக்கம் மட்டும் இருட்டு என்றால் அந்தப் பக்கத்துப் பல்போ ஹோல்டரோதான். மேடு பள்ளத்தில் மினுக்கினாலோ, டேஷ்போர்டைத் தட்டினால் எரிந்தாலோ லூஸ் கான்டாக்ட். இண்டிகேட்டர் போடும்போது மீட்டர் லைட்டும் கூடவே துடித்தால், அல்லது சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தால், எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். எர்த் சரியில்லாதபோது மின்சாரம் வேறு பல்புகளின் வழியாகப் பாடிக்குப் போக வழி தேடும். அந்த மங்கல் வெளிச்சம் அதனால் வருவதுதான்.

இன்னொன்று, மீட்டருக்குள் இரண்டு வகை விளக்குகள் இருக்கின்றன. ஸ்பீடோமீட்டர் முள்ளையும் எண்களையும் காட்டும் வெளிச்சத்துக்கான பல்புகள் ஒன்று, ஆயில், பேட்டரி, ஹேண்ட்பிரேக் என்று காட்டும் எச்சரிக்கை விளக்குகள் இன்னொன்று. முதல் வகை லைட் ஸ்விட்சிலிருந்து வேலை செய்யும், இரண்டாவது பெரும்பாலும் சாவியிலிருந்து. எச்சரிக்கை விளக்குகளைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், அவை இன்னும் முக்கியமானவை.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10-ஆம் எண் ஸ்பேனர், நைஸான உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, சரியான ஆம்பில் நாலைந்து ஃப்யூஸ். டெஸ்ட் லாம்ப் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து இரண்டு நீள வயர் இணைத்தால் போதும். ஒரு வயர் முனையில் கிளிப், இன்னொன்றில் கூரான ஊசி.

வீட்டில் பிளக் பாயிண்டைப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் இதற்கு உதவாது. அதில் இருக்கும் நியான் பல்பு 12 வோல்ட்டுக்கு ஒருபோதும் எரியாது. அதை வைத்துப் பார்த்துவிட்டு 'கரண்டே வரவில்லை' என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

மஞ்சள் உறை போட்ட வயர் எங்காவது கண்ணில் பட்டால் அதைக் குத்திப் பார்க்காதீர்கள். ஏர்பேக் உள்ள கார்களில் அதன் வயருக்குப் பெரும்பாலும் அந்த நிறம்தான்.

முதலில் ஃப்யூஸ்

பல கார்களில் ஃப்யூஸ் பாக்ஸ் டேஷ்போர்டுக்கு அடியில், டிரைவரின் முழங்கால் பக்கம் இருக்கும். மூடியில் எது எதற்கு என்று அச்சிட்டிருப்பார்கள். மூடி தொலைந்திருந்தால், ஃப்யூஸ் ஸ்விட்சுக்குப் பின்னால் வரும் கார்களில் லைட்டைப் போட்டபோது மட்டும் மின்சாரம் வரும் ஃப்யூஸைத் தேடிப் பிடியுங்கள்.

ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்லாதீர்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பாடியில் நல்ல உலோகத்தில் மாட்டிவிட்டு, லைட் ஸ்விட்சைப் போட்டு, ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோக முனைகளையும் ஊசியால் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃப்யூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் எரியவில்லை என்றால் மின்சாரம் அங்கே வரவே இல்லை. ஸ்விட்சையும் அதற்கு முன்னால் உள்ளதையும் பார்க்க வேண்டும்.

பத்மினி போன்ற ஃபியட் வழிவந்த கார்களில் இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் பழைய வகை ஃப்யூஸ் இருக்கும். வெள்ளை 8 ஆம்ப், சிவப்பு 16 ஆம்ப். இவற்றில் ஃப்யூஸ் நன்றாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் தகடு துருப்பிடித்துக் கான்டாக்ட் விட்டுப்போகும். ஃப்யூஸை அதன் இடத்திலேயே விரலால் சுழற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே விளக்கு வந்துவிடும். வந்தால் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து, லேசாக உள்பக்கம் வளைத்து இறுக்கமாக்குங்கள். தகட்டு வகை ஃப்யூஸில் சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20.

போன ஃப்யூஸின் இடத்தில் அதே ஆம்ப் ஃப்யூஸ்தான் போட வேண்டும். பெரிய ஃப்யூஸ் போடுவது, சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளைச் சுற்றுவது, செம்புக் கம்பியைச் செருகுவது எல்லாம் காரைக் கொளுத்தும் வேலை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்க்கிங் இரண்டு, டெயில் இரண்டு என நாலு 5 வாட் பல்பு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்றோ இரண்டோ, மீட்டருக்குள் மூன்று சின்னப் பல்பு. எல்லாம் சேர்ந்தாலும் 35, 40 வாட்தான். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3 ஆம்ப். 10 ஆம்ப் ஃப்யூஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அப்படியும் ஃப்யூஸ் போகிறது என்றால் எங்கோ ஒரு வயர் பாடியில் உரசுகிறது என்று பொருள். பெரிய ஃப்யூஸ் போட்டால் அந்த இடத்தில் உருகப்போவது வயர்.

புது ஃப்யூஸும் உடனே போனால்

ஃப்யூஸாகப் போட்டுப் போட்டுத் தீர்க்காதீர்கள். பழைய எச்4 ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுங்கள். ஒரு இழை போயிருந்தாலும் மற்ற இழை எரிந்தால் போதும். எரியும் இழையின் இரண்டு முனைகளிலிருந்து வயர் எடுத்து, ஃப்யூஸ் இருந்த இடத்தின் இரண்டு பிடிகளிலும் மாட்டுங்கள். பல்பு கடுமையாகச் சுடும். கார்ப்பெட்டிலோ பிளாஸ்டிக்கிலோ படாமல் தொங்கவிடுங்கள். இப்போது லைட் ஸ்விட்சைப் போட்டால், ஷார்ட் இருக்கும்வரை இந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டெயில் லைட் எரியாது. பல்பின் வழியாக 5 ஆம்ப் அளவுதான் போக முடியும் என்பதால் வயருக்கு ஆபத்து இல்லை. அப்புறம் ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். ஷார்ட் உள்ள கிளையைக் கழற்றிய கணம் இந்தப் பல்பு மங்கும், டெயில் லைட் அரைகுறையாக எரியத் தொடங்கும். இடம் கிடைத்துவிட்டது.

எங்கே முதலில் பார்ப்பது? என்னைக் கேட்டால், ஸ்டீரியோவுக்குப் பின்னால். வெளியில் வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களில் ஆரஞ்சு நிற வயர் ஒன்று இருக்கும். அது ஸ்டீரியோவின் வெளிச்சத்துக்காக மீட்டர் லைட்டின் லைனிலிருந்து எடுப்பது. ஸ்டீரியோவை மாற்றும்போது அந்த வயரை டேப் சுற்றாமல் விட்டுவிட்டால், அது தகரத்தில் பட்டு டெயில் ஃப்யூஸைக் கொண்டுபோய்விடும். சமீபத்தில் பாட்டுப் பெட்டி மாற்றிய காரில் மீட்டர் லைட் போனால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அடுத்தது டிக்கிக் கதவின் கீல் பக்கம். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி நம்பர் பிளேட் லைட்டின் வயர் உறை வெடித்திருக்கும். மூன்றாவது, தண்ணீர் புகுந்த டெயில் லாம்ப் ஹோல்டர். நாலாவது எலி. நாள்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் டேஷ்போர்டுக்கு அடியில் வயரைக் கடித்து வைத்திருக்கும். உமியோ, கிழிந்த பஞ்சோ கிடந்தால் அந்த இடத்தை நன்றாக ஆராயுங்கள்.

ஸ்விட்சும் டிம்மரும்

பழைய கார்களில் ரிலே (பெரிய மின்சாரத்தைத் தான் சுமந்து ஸ்விட்சைக் காப்பாற்றும் துணை ஸ்விட்ச்) இல்லாமல் எல்லா மின்சாரமும் லைட் ஸ்விட்சின் வழியாகவே போகும். வருஷக்கணக்கில் உள்ளே தகடு கருகிப்போகும். ஸ்விட்சை முன்னும் பின்னும் பத்து முறை போட்டு எடுத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட நிலையில் பிடித்தால் மட்டும் எரிகிறது என்றால் ஸ்விட்ச்தான். ஸ்டீயரிங் தண்டின் உறையைக் கழற்றி அதன் கனெக்டரைப் பாருங்கள். ஏதாவது ஒரு பின் அருகே பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால், அந்தப் பின் சூடாகிக்கொண்டிருக்கிறது. ஸ்விட்சை மட்டும் மாற்றிவிட்டு உருகிய கனெக்டரை அப்படியே விட்டால் புது ஸ்விட்சும் அதே வழியில் போகும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

டிம்மர் உள்ள கார் என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் அதன் சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசிவரை சுற்றிப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டுத் தாழ்ந்திருப்பது சர்வ சாதாரணம். சுற்றும்போது வெளிச்சம் விட்டு விட்டு வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் களிம்பு ஏறியிருக்கிறது. கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து இருபது முறை சுற்றினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டே வயர் வரும் சாதாரண டிம்மரில், அந்த இரண்டையும் ஃப்யூஸ் போட்ட ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் டிம்மர்தான் கோளாறு. மூன்று வயர் வந்தால் உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கும், அதை இப்படி இணைக்கக் கூடாது.

எர்த்

புதியவர்கள் கடைசியில் பார்ப்பதும், மீட்டரைக் கழற்றும் முன்பே நான் பார்க்கச் சொல்வதும் இதுதான். சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று உப்புக்காற்று அடிக்கும் ஊர்க் கார்களில் எர்த் போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். தண்ணீரில் மூழ்கி எழுந்த கார்களில் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களில் பல கைமாறி இன்னும் ஓடுகின்றன. அப்படி ஒரு காரில் கார்ப்பெட்டைத் தூக்கினால் எர்த் முனைகள் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைப் பார்க்கலாம்.

சோதிப்பது சுலபம். லைட் ஸ்விட்சைப் போட்ட நிலையில், மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பு முனையை மீட்டரின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் நல்லது. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. லைட்டை அணைத்துவிட்டு அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் வரும், அதை நம்ப வேண்டாம். மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் குறை தெரியும்.

மல்டிமீட்டர் இல்லாவிட்டால், மீட்டரின் எர்த்திலிருந்து பாடியின் சுத்தமான உலோகத்துக்குத் தனியாக ஒரு வயர் பிடியுங்கள். விளக்கு பளிச்சென்று வந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது. சரிசெய்ய, அந்த போல்ட்டைக் கழற்றி, வாஷரையும் பாடியையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். பெயின்ட் மேலேயே போல்ட்டை இறுக்கினால் பயன் இல்லை.

எர்த் வயர் எந்த நிறம்? பெரும்பாலும் கறுப்பு. அம்பாசடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களின் வயர் நிறமுறையில் கறுப்பு எர்த், சிவப்பு பார்க்கிங்கும் டெயிலும், வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு மீட்டர் லைட். ஆனால் வயரிங் மாற்றிய அம்பாசடரில் எல்லாமே ஒரே நிறத்தில்கூட இருக்கும். நிறத்தை ஒரு துப்பாக வைத்துக்கொண்டு டெஸ்ட் லாம்பால் உறுதிசெய்யுங்கள்.

மீட்டரைக் கழற்றுவது

இதுவரை சொன்னதிலேயே பெரும்பாலான கோளாறுகள் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால்தான் மீட்டரில் கை வைக்க வேண்டும்.

பேட்டரியின் மைனஸ் முனையை 10-ஆம் எண் ஸ்பேனரால் கழற்றிவிடுங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுகளைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள். பழைய பிளாஸ்டிக் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். வராத சட்டத்தை இழுக்காதீர்கள், எங்கோ ஒரு திருகு ஒளிந்திருக்கும். மீட்டரின் திருகுகளை எடுத்த பிறகும் அது முழுதாக வெளியே வராது. காரணம், பின்னால் இருக்கும் ஸ்பீடோமீட்டர் கேபிள். சில கார்களில் பிளாஸ்டிக் நாக்கை அமுக்கினால் கழலும், சிலவற்றில் வளையத்தைத் திருக வேண்டும். கை போகவில்லை என்றால் இன்ஜின் பக்கமிருந்து கேபிளைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தளர்வு கொடுங்கள். அப்புறம் கனெக்டர்களின் பூட்டை அமுக்கி எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழற்றிய மீட்டரைத் துணி விரித்து அதன் மேல் வையுங்கள், முள்ளைத் தொடாதீர்கள்.

பின்பக்கம் பிளாஸ்டிக் ஹோல்டர்கள் தெரியும். கால் சுற்று திருப்பினால் பல்போடு கையில் வரும். பெரியது டி10 என்ற வகை, சின்னது டி5. இன்னும் பழைய மீட்டர்களில் மரை போட்ட சின்னப் பல்பு இருக்கும். எந்தப் பல்பு எந்த இடம் என்று ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி கறுத்திருந்தால் எரிகிறதோ இல்லையோ அதன் காலம் முடிந்தது. மல்டிமீட்டரில் அளந்தால் 3 வாட் பல்பு குளிர்ந்த நிலையில் 5 ஓம் அளவு காட்டும். எதுவும் காட்டவில்லை என்றால் இழை அறுந்திருக்கிறது.

வெளிச்சத்துக்கான பல்புகளை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஒன்றாக எரிந்தவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், பல்பின் விலையைவிட மீட்டரைக் கழற்றும் பாடு பெரிது. பழைய பல்பில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வெளிச்சம் கூட வேண்டுமென்று 3 வாட் இடத்தில் 5 வாட் போட்டால் ஹோல்டர் உருகும், டயலின் பின்பக்கம் பழுப்பாகும்.

புதுப் பல்பு போட்டும் எரியவில்லையா? ஹோல்டரின் பித்தளைக் கால்களை லேசாக வெளியே வளைத்து, அவை தொடும் செம்பை பென்சில் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் இங்கே வேண்டாம், அந்தச் செம்பு அவ்வளவு மெல்லியது. பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும் இந்தப் பின்பக்கத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஹோல்டரின் சூட்டில் செம்பு தூக்கிக்கொண்டோ, விரிசல் விட்டோ இருக்கலாம். விரிசலைச் சால்டர் வைத்து ஒட்டலாம்தான், ஆனால் சூடு கொஞ்சம் கூடினால் தாள் சுருங்கிவிடும். பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய மீட்டர் கிடைக்கும். அதன் பின்பக்கத் தாளை மட்டும் எடுத்து உங்கள் மீட்டரில் பொருத்துங்கள். முழு மீட்டரையே மாற்றினால் ஓடிய கிலோமீட்டர் மாறிவிடும். பின்னால் காரை வாங்குபவரை அது ஏமாற்றும்.

எல்இடி போடலாமா?

வெளிச்சத்துக்கான பல்புகளின் இடத்தில் போடலாம். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு. எரியவில்லை என்றால் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் போடுங்கள். நேர் முன்னால் மட்டும் ஒளி வீசும் மலிவு எல்இடி, டயலில் திட்டுத் திட்டாகத் தெரியும். பக்கவாட்டிலும் ஒளி வருவதைக் கேட்டு வாங்குங்கள். டிம்மர் இருந்தால் பாதி அளவில் மினுக்கலாம். என் விருப்பம் பழைய மஞ்சள் பல்புதான். இரவு நெடுநேரம் ஓட்டும்போது கண்ணுக்கு அது இதமாக இருக்கிறது.

ஆனால் பேட்டரிச் சின்னம் போட்ட எச்சரிக்கை விளக்கின் இடத்தில் எல்இடி போடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர்களில் பல பழையவை வேலையைத் தொடங்கத் தேவையான சிறு மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. எல்இடி அவ்வளவு மின்சாரத்தை விடாது. ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யாமலே இருந்துவிடும், நீங்கள் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பல்பு போனாலும் இதே கதைதான்.

எச்சரிக்கை விளக்குகள்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மறக்காமல் பாருங்கள். ஆயில் அழுத்தம் குறைந்த இன்ஜினை விற்கும்போது அந்தப் பல்பையே பிடுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆயில் விளக்கு எரியவில்லை என்றால், இன்ஜினில் இருக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்சின் வயரைக் கழற்றி, சாவி போட்ட நிலையில் இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் ஸ்விட்சை மாற்றுங்கள். எரியவில்லை என்றால் பல்போ வயரோ போயிருக்கிறது. மீட்டர் வெளிச்சம் இல்லாமல் நாலு நாள் பகலில் ஓட்டலாம். ஆயில் விளக்கு இல்லாமல் ஓட்டுவது இன்ஜினையே பணயம் வைப்பது.

மாட்டும் முன்

எல்லாத் திருகையும் இறுக்கிய பிறகு ஒரு பல்பு எரியவில்லை என்று தெரிந்தால் மனம் நொந்துபோகும். அதனால் கனெக்டர்களை மட்டும் செருகி, பேட்டரியை இணைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர், ஹை பீம், ஹேண்ட்பிரேக் எல்லாம். ஸ்பீடோமீட்டர் கேபிள் 'டக்' என்று உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியில் வோல்ட் அளந்துவிடுங்கள். 13.8-இலிருந்து 14.4 வரை சரி. 15-ஐத் தாண்டினால் ஆல்டர்நேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது; அதைச் சரிசெய்யாமல் எத்தனை பல்பு மாற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

எந்தக் கட்டத்திலும் வயர் கருகும் வாசனை வந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு அத்தோடு நிறுத்துங்கள். அதன் பிறகு ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை. அவரிடம் 'மீட்டர் லைட் எரியலை' என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், கூலியும் அதற்கேற்ப ஆகும். டெயில் லைட் எரிகிறது, ஃப்யூஸின் இரண்டு பக்கமும் கரண்ட் இருக்கிறது, மீட்டர் கனெக்டர்வரை 12 வோல்ட் வருகிறது, எர்த்தில் 0.8 வோல்ட் காட்டுகிறது என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். அவர் நேராக அந்த போல்ட்டைத் தேடிப் போவார்.